போதையும் சட்டமும் நமது பிள்ளைகளும்



 ஆண்டு மலரில் விரத மகிமை பற்றியோ ஆலய வழிபாட்டு முறை பற்றியோ எழுதிவந்த அடியேன், இம்முறை போதைப்பொருள் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது, "திருவிழா மலரிலை இதெல்லாம் தேவையோ?" என்று பரிபாலன சபையில் ஒருவர் கேட்டார். தேவைதான். காரணத்தைச் சற்றுப் பின்னர் கூறுகின்றேன். முதலில் மகாபாரதத்தில் வரும் ஒரு கதை.

அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியார். இறந்தவரை எழுப்பும் சஞ்சீவினி மந்திரம் அறிந்தவர். அம்மந்திரத்தைக் கற்பதற்காகத் தேவகுருவின் மைந்தன் கசன் அவரிடம் மாணவனாக வந்து சேர்ந்தான். அசுரர்கள் அவனை இரண்டு தடவை கொன்றார்கள். குருவின் மகள் தேவயானி அழுதாள்; குரு அவனை எழுப்பினார். மூன்றாம் முறை அசுரர்கள் வேறொரு வழி கண்டார்கள். கசனை எரித்துச் சாம்பலாக்கி, குரு விரும்பி அருந்தும் மதுவிலே கலந்து அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவரும் குடித்துவிட்டார். மாலையில் மாணவனைக் காணாது பெயர் சொல்லி அழைத்தபோது, "குருவே, உங்கள் வயிற்றுக்குள் இருக்கின்றேன்" என்று குரல் வந்தது.

அசுரர்கள் குருவைக் கட்டிப்பிடித்து அதனைப் பருக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவருக்கு எதிலே ஆசை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. மூவுலகும் போற்றிய ஞானிக்குத் தாம் விழுங்குவது தமது பிள்ளையை என்பது தெரியவில்லை. பின்னர் வயிற்றுக்குள் இருந்த கசனுக்கே மந்திரத்தை உபதேசித்து, அவன் வயிற்றைப் பிளந்து வெளியே வந்து குருவை உயிர்ப்பித்தான் என்பது கதை. உயிர் பெற்று எழுந்த சுக்கிராச்சாரியார், இனி மது அருந்தும் அந்தணன் அந்தணரைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று விதி செய்தார். அந்த விதியைச் செய்தவர் குடித்துக் கெட்ட ஒருவரே. அதனாற்றான் அதற்கு ஒரு மதிப்பு இருக்கின்றது.

நமது நாட்டிலும் விதிகள் உண்டு. அடியேன் நீதிமன்றப் பதிவகம் ஒன்றில் எழுதுவினைஞராக நீண்டகாலம் கடமையாற்றியவன். வழக்கேடுகளைக் கட்டி அடுக்கிய கைகள் இவை. ஆதலால் இதனைச் சற்று விபரமாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில், 1929ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. 1984ஆம் ஆண்டில் 13ஆம் இலக்கச் சட்டத்தினால் அது கடுமையாக்கப்பட்டது. இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை என்று அப்போது விதிக்கப்பட்டது. 'ஐஸ்' என்று பிள்ளைகள் சொல்லும் மெதம்பெட்டமைன் அக்காலத்தில் இங்கே அறியப்படாத சரக்கு. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனையும் சேர்த்துக்கொண்டது. ஐந்து கிராமும் அதற்கு மேலும் என்றால் அதே தண்டனை. நாம் தேநீருக்குப் போடும் சீனி ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய நான்கு கிராம். இரண்டு கிராம் என்பது அதில் அரைவாசி. அரைத் தேக்கரண்டித் தூளுக்கு ஒரு ஆயுள். தூளில் கலப்படம் எவ்வளவு, சுத்தமான மருந்து எவ்வளவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை அனுப்பவேண்டும். அந்த அறிக்கை வரும் வரையில் தவணைக்கு மேல் தவணை. விற்றதாகவோ கடத்தியதாகவோ குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு நீதவான் நினைத்தாலும் பிணை கொடுக்கமுடியாது. மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலேயோ போகவேண்டும்.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கும் பாரதத்திலேயே விடை இருக்கின்றது. யாதவ குலத்துக்கு அழிவு வரும் என்று முனிவர்கள் சபித்தபின், துவாரகையில் எவரும் மது காய்ச்சக்கூடாது, காய்ச்சியவன் சுற்றத்தாரோடு கழுவேற்றப்படுவான் என்று பறையறைந்தார்கள். கிருஷ்ண பகவான் இருந்த ஊர். மரண தண்டனைச் சட்டம். என்ன நடந்தது? தீர்த்த யாத்திரை என்று பிரபாச தீர்த்தத்துக்குப் போன இடத்தில், அதாவது ஒரு திருவிழாவில், அவர்கள் குடித்தார்கள். பழைய பகை வாயில் வந்தது. கோரைப்புல்லைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடித்தே மாண்டார்கள். நமது நாட்டிலும் 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019இல் நால்வருக்கு நிறைவேற்ற அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. தூக்கு வேண்டும், வேண்டாம் என்ற வாதத்துக்கு அடியேன் வரவில்லை. ஆனால் சுற்றத்தாரோடு கழுவேற்றுதல் என்பதை மாத்திரம் கண்ணால் கண்டிருக்கின்றேன். விளக்கமறியற்சாலை வாசலிலே சோற்றுப் பார்சலுடன் காலை முதல் நிற்கும் தாய்மாரைப் பாருங்கள்.

இனிக் கஞ்சா. "சிவபெருமானே கஞ்சா குடிக்கிறவர்தானே" என்று சில பிள்ளைகள் நம்மிடமே கேட்கிறார்கள். அப்படியான படம் பொறித்த மேற்சட்டையும் அணிகிறார்கள். இதற்குக் கோபிக்காமல் பதில் சொல்லவேண்டும். காசி முதலான வடநாட்டுத் தலங்களில் சிவராத்திரியன்று 'பாங்' என்ற பானம் பருகும் வழக்கம் உண்டு; இல்லை என்று மறைக்கவேண்டியதில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாச் செடியின் தனி இலையைத் தடைக்குள் சேர்க்காது விட்டமையால் அங்கே சில மாநிலங்களில் அதற்கு இடமுண்டு. அந்த விலக்கு நமது நாட்டில் இல்லை. அனுமதி பெற்ற ஆயுர்வேத வைத்தியர் மருந்துக்குச் சேர்ப்பது வேறு விடயம். நமது சிவாலயங்களில் எந்தக் காலப் பூசையிலாவது கஞ்சா நைவேத்தியம் வைத்ததை யாராவது கண்டிருக்கிறீர்களா? பெருமான் உண்டது ஆலகால நஞ்சு. அதுவும் தமக்காக அல்ல, பிறர் பிழைப்பதற்காக. உண்டதையும் கண்டத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்று படகிலே கடல் கடந்து வடகரையில் இறங்கும் கேரள கஞ்சா யாரைப் பிழைக்கவைக்கின்றது?

பெரியவர்களாகிய நம்மையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டோ மதுபானமோ விற்பது குற்றம். "சந்திக் கடையிலை ஒரு சிகரெட் வாங்கி வா மோனை" என்று பேரனை அனுப்பும் தாத்தாமார் இக்கோயிலிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

இப்போது, இது ஏன் திருவிழா மலரில் என்ற கேள்விக்கு வருகின்றேன்.

சில வருடங்களுக்கு முன்னர், வேட்டைத் திருவிழா இரவு, சுவாமி வெளிவீதி வந்துகொண்டிருந்தபோது, மின்பிறப்பாக்கியைப் பார்க்கத் தேர்முட்டியின் பின்பக்கம் போனேன். அங்கே இரண்டு பிள்ளைகள் சிகரெட் பெட்டி ஈயத்தாளும் லைற்றரும் கையுமாக இருந்தார்கள். ஒருவன் ஓடிவிட்டான். மற்றவன் ஓடவில்லை, ஓடும் நிலையில் இல்லை. சிறு வயதில் எனது மடியிலிருந்து பஞ்சபுராணம் பாடமாக்கிய பிள்ளை. மறுநாள் விடியற்காலை அவனது தகப்பன் என் வீட்டுப் படலையில் நின்றார். "ஐயா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டிலை குமர்ப்பிள்ளை இருக்கு" என்றார். நான் சொல்லவில்லை. சபைக்கும் சொல்லவில்லை, பொலிசுக்கும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனை ஒரு தர்மம் என்றே நினைத்தேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றியதாக உள்ளூரப் பெருமையும் பட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அவன் தனது செலவுக்காக வேறொருவனுடைய பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பிடிபட்டான். விற்பனைக் குற்றச்சாட்டு. அதன்பின் நடந்தது மேலே எழுதிய அத்தனையும்தான்: விளக்கமறியல், அறிக்கை, தவணை. ஒரு தவணை நாளில் தகப்பனோடு நானும் போயிருந்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் என்னைப் பேசியிருந்தால் நான் அவனை எங்கையாவது கொண்டுபோய்க் காட்டியிருப்பன் ஐயா. எனக்கு என்ன தெரியும், நீங்கள் கோட்டிலை இருந்தனீங்கள்" என்றார்.

உண்மை. எனக்குத் தெரிந்திருந்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்காகவே இயற்றப்பட்டது. ஒருவர் தாமாக முன்வந்தும் சிகிச்சை பெறலாம். நீதவான் கட்டளையிட்டும் அனுப்பலாம். தானாகப் போகும் பிள்ளை மகனாகப் போகின்றான். கட்டளையோடு போகும் பிள்ளைக்கு வழக்கிலக்கம் இருக்கின்றது. இந்த வித்தியாசத்தை அந்தத் தகப்பனுக்கு எடுத்துச்சொல்ல எனக்கு அன்றைக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. சுக்கிராச்சாரியாருக்காவது மாலையில் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது.

ஆதலால் இவ்வருடம் சபையில் மன்றாடி இரண்டு விடயங்களைச் செய்வித்திருக்கின்றேன். தேர்முட்டியின் பின்பக்கமும் கேணியடியும் இனித் திருவிழா அல்லாத நாட்களிலும் விளக்கெரியும். மற்றது, வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்தபின் அடியேன் அன்னதான மடத்தின் தெற்கு விறாந்தையில் இருப்பேன். தாய்மாரோ தகப்பன்மாரோ பிள்ளைகள் தாங்களோ வரலாம். பெயர் எழுதமாட்டேன், எழுதி எழுதிக் களைத்தவன் நான். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அங்கிருந்தே பேசலாம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவதென்றால் காலை முதல் பஸ்ஸில் நானும் கூட வருவேன். தகப்பனுக்கு வெட்கமென்றால் அவர் அடுத்த பஸ்ஸில் வரட்டும்.