எடுத்து வளர்த்த முயலுக்கு ஆகும் செலவு

யாரோ கைவிட்ட முயலை ஒரு குடும்பம் எடுத்து வளர்க்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதற்குக் கருப்பையில் புற்றுநோய் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார். அறுவை சிகிச்சை, மருந்து, தொடர்ந்த கவனிப்பு என்று கணக்குப் போட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிராணிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தமானில் இந்தக் கணக்கு இன்னும் கனக்கிறது. கடும் நோய் வந்தால் மனிதர்களே விமானமோ கப்பலோ ஏறிச் சென்னைக்குப் போகும் ஊர் அது. கப்பலென்றால் கிட்டத்தட்ட மூன்று நாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முயலுக்காகப் பணம் செலவிடுவதை ஆடம்பரம் என்று பலர் சொல்வார்கள். நல்ல மனம் உள்ளவர்கள் தர்மம் என்பார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அது கடன். ஒரு பிராணியைக் காப்பாற்றி வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே நாம் ஏற்றுக்கொண்ட கடன்.

இந்தத் தீவுகளின் வரலாறே அதற்குச் சாட்சி. இங்கே மரம் இழுக்க யானைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1962இல் பி.சி.ரே என்ற மரவெட்டு நிறுவனம் நொடித்துப்போனது. அதனிடம் இருந்த நாற்பது யானைகள் வரை வடக்கே இன்டர்வியூ தீவில் அப்படியே விடப்பட்டன. சம்பளம் நின்றது, பாகன்கள் போனார்கள், யானைகள் நின்றன. பசிக்கு அவை மரப்பட்டைகளை உரித்தன; பிரம்பையும் தாழையையும் தின்று தீர்த்தன. வந்தேறி விலங்குகளால் அந்தக் காட்டுக்கு நேர்ந்த சேதத்தை ரவூஃப் அலி போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் பதிவு செய்தார்கள். கைவிட்டவர்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்தச் செலவு ஏறவே இல்லை. ஹேவ்லாக் தீவில் இருந்த ராஜன் யானைக்கு வேறு முடிவு கிடைத்தது. மரவேலை நின்றபிறகு அங்கிருந்த ஒரு விடுதி அதை விலைகொடுத்து வாங்கி, 2016இல் அது இறக்கும்வரை வைத்துப் பராமரித்தது. கொண்டுவந்தவர் பொறுப்பை உதறுவதற்கும் யாரோ ஒருவர் அதை ஏற்பதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு தீவுகளுக்கு நடுவே தெரிகிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. எந்தப் பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் அதன் நலனுக்காக நியாயமான எல்லா முயற்சியும் எடுப்பது கடமை என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. யானைக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று என்று அது பிரிக்கவில்லை.

முயல் விஷயத்தில் இந்தக் கடனுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. புற்றுநோயைப் பற்றி மனித குலம் அறிந்தவற்றில் கணிசமானவை முயலின் உடம்பிலிருந்து வந்தவை. 1915இல் தோக்கியோவில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவி, ஒரு ரசாயனப் பொருள் புற்றை உண்டாக்கும் என்று முதன்முதலில் சோதித்துக் காட்டினார்கள். 1933இல் ரிச்சர்ட் ஷோப் அமெரிக்கக் காட்டு முயல்களின் தோல் கட்டிகளுக்கு ஒரு வைரஸே காரணம் என்று கண்டார். வைரஸால் பாலூட்டிகளுக்குப் புற்று வரலாம் என்ற அறிவு வளர்ந்த பாதையில் அது பெரிய படி. வளர்ப்பு முயலுக்கு வரும் நோயிலும் நம் கை இருக்கிறது. கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்று மிகப் பரவலாக வருகிறது. சில இனங்களில் பாதிக்கும் மேல். காட்டில் அந்த வயதை எட்டும் முயல் அபூர்வம். கூண்டும் தீவனமும் தந்து ஆயுளை நீட்டி, இனத்தையும் நம் விருப்பத்துக்கு வார்த்தவர்கள் நாம்தான். நோய் வந்ததும் ‘முயல்தானே’ என்று ஒதுங்க நமக்கு நியாயம் இல்லை.

மனிதர் பசித்திருக்க முயலுக்கா என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. கேட்பவர் பக்கம் வள்ளலாரே நிற்பதுபோலத் தோன்றும். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய அவர், ஜீவகாருண்யத்தில் பசியையும் கொலையையும் நீக்குவதை முதலில் வைத்தார். பிணி நீக்குவது அதற்கு அடுத்ததுதான். ஆனால் அந்த வரிசை, எல்லா உயிர்களுக்கும் நாம் பொதுவாகப் பட்டிருக்கும் கடமைக்கானது. தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊராருக்குச் சோறு போடுவதை அவரும் ஏற்கவில்லை. நம்மையே நம்பியிருப்பவர் கணக்கு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கில் முயலும் ஒன்று; முதல் இடத்தில் இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து முயலுக்குச் செலவிடச் சொல்வது அறமாகாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முயலோடு போட்டியிடுவது யாருடைய பசியும் இல்லை. இன்னொரு தொலைபேசி, இன்னொரு சுற்றுலா. விலங்குக்கு இரங்குபவர் மனிதரை மறப்பார் என்ற அச்சத்துக்கும் நம் மரபில் ஆதாரம் குறைவு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழ, பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததை ஒரே மூச்சில் சொல்கிறது. மணிமேகலையின் ஆபுத்திரன், தாய் விட்டுப்போன குழந்தையாகக் கிடந்தபோது ஒரு பசு பால் சுரந்து காத்தது. வளர்ந்தபின் அவன் வேள்விப் பசுவை மீட்டான், ஊர் அவனைத் துரத்தியது. மதுரைக்குப் போய்ப் பார்வையற்றவரையும் நடக்க முடியாதவரையும் அழைத்து உணவளித்தவனும் அவனேதான்.

நோய் முயலின் வினைப்பயன், நாம் ஏன் குறுக்கே போக வேண்டும் என்பவர்களுக்கு ஒரே பதில் போதும்: அதை நம்பினால் மனிதருக்கும் மருத்துவமனை கட்ட முடியாது. தீவுச் சூழலை அறிந்தவர்களின் ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான் இன்றும் இந்தக் காடுகளை மேய்கிறது. 2004 சுனாமியில் நிக்கோபார் மெகபோடு பறவையின் கூடுமேடுகள் எத்தனையோ அழிந்தன. பணம் இருந்தால் மண்ணின் உயிர்களுக்குக் கொடுங்கள் என்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அக்கறையே முயலை வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றச் சொல்கிறது. பாரமாகிவிட்ட பிராணியைக் கண்காணாமல் விட்டுவரும் பழக்கம்தான் தீவுக்காடுகளுக்கு ஆபத்து. அந்த முயலைக் காலத்தில் கருத்தடை செய்துவிட்டால் புதிய முயல்களும் வராது, இந்தப் புற்றும் வராது. இதில் இரண்டு அக்கறைகளும் மோதவே இல்லை.

கடனுக்கும் வரம்பு உண்டு. அதை நம் பாசமும் பணப்பையும் மட்டும் முடிவு செய்யக்கூடாது. முயலின் வலி முடிவு செய்ய வேண்டும். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த ஒரு கன்றுக்குட்டியின் உயிரை ஊசிபோட்டு முடிக்க காந்தி இசைந்தார். அகிம்சையே போயிற்று என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தபோதும், துன்பத்தை நீட்டுவது அகிம்சை ஆகாது என்ற நிலையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. முயலுக்கு இது இன்னும் பொருந்தும். இரையாகப் பிறந்த உயிர் வலியை வெளிக்காட்டாது. அச்சம் மிகுந்தால் தின்பதை நிறுத்தும். தின்பது நின்றால் குடல் அசைவு நின்று ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். கட்டி நுரையீரலுக்குப் பரவாத நிலையில் கருப்பையை எடுத்தால் முழுக் குணம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்ய வேண்டும். பரவிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டினால், சென்னை வேப்பேரியின் கால்நடை மருத்துவமனையில் எவ்வளவு நல்ல மருத்துவம் கிடைத்தாலும், மூன்று நாள் கப்பலில் கூண்டுக்குள் ஆடியாடிப் போவது அந்த முயலுக்கு மருத்துவம் ஆகாது. அப்போது அதற்குத் தர வேண்டியது வலிநிவாரணி, கையால் ஊட்டும் பசும்புல், பழகிய மூலை. வலி மீறும் நாளில் மருத்துவரை வீட்டுக்கே அழைத்து ஊசி போடச் சொல்லும் துணிவு.