போரை மறுத்தலும் போர்வீரரைப் பேணலும்

சைவ வித்தியாசாலைகளிற் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்காள்!

ஆடித் திங்களிலே உடப்பூர்த் திரௌபதையம்மன் சந்நிதானத்தில் விழா நிகழ்வதை நீவிர் அறிவீர். மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக, இடையே கிடக்கும் இம்மணற்பரப்பிலே 18 நாள் விழா. பாரதப் போரும் 18 நாள். அக்கதையைச் சிறார் தாய்மார் மடியிலிருந்தே கேட்கின்றனர். ஈற்றிலே பூக்குழி மூளுகின்றது. விரதங் காத்த அடியார் அம்மையின் நாமஞ் சொல்லித் தணலிலே அடியெடுத்து வைக்கின்றனர்.

அக்கதையைக் கேட்டு வந்த பிள்ளைகள் வகுப்பிலே வினவும் வினா ஒன்றுண்டு. "ஐயா, போர் தீதென்று கற்பிக்கின்றீர்கள். வீமனையும் அபிமன்னுவையும் போற்றவுஞ் சொல்கின்றீர்கள். இரண்டும் எவ்வாறு பொருந்தும்?" என்பதே அது. இதனைச் சிறுபிள்ளை வினாவென்று தள்ளுதல் தகாது. போரைத் தீதென்று மறுப்பவன், அப்போரிலே நின்ற வீரனைப் பேணலாமோ, பேணின் அவன் மறுப்புப் பொய்யாய்விடாதோ என்பதே இவ்வினாவின் உட்கிடை. இத்தீவிலே வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. வீட்டு முற்றம் வரை வந்து நின்ற வினாவாகும்.

போர் மூளுந்தோறும் இருதிறத்தார் எழுந்து பேசுகின்றனர். ஒரு திறத்தார், "நம் பிள்ளைகள் களத்திலே நிற்கின்றனர், இவ்வேளையிற் போரைப் பழித்தல் அவர்களைப் பழித்தலேயாம், ஆதலின் வாய் திறவாதிருமின்" என்பர். மற்றைத் திறத்தார், "இப்போர் அதருமம், இதிற் புகுந்தவன் எவனுக்கும் ஒரு கவளஞ் சோறும் ஒரு துளி கண்ணீரும் உரியவல்ல" என்பர். தம்முள் இவ்வளவு பகைத்த இவ்விரு திறத்தாரும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றனர். போர் என்னும் செயலையும் அதனிற் செலுத்தப்பட்ட மனிதனையும் வேறு பிரித்து அறியாமையே அப்பிழை.

இதனை நம் கடற்கரையிலேயே கண்டு தெளியலாம். கரைவலை வளைக்கப் புறப்படும் காலையில் முதியவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் நோக்கி, "இன்று தோணியை இறக்கவேண்டாம்" என்று தடுக்கின்றார். வலைக்குடைய சம்மாட்டியார் கேளாராய்ப் பிள்ளைகளை அனுப்புகின்றார். தோணி அலையிலே புரளுகின்றது. அப்பொழுது முதலில் நீரிலே பாய்பவர் யார்? தடுத்த அம்முதியவரே. அவர் கயிற்றைப் பற்றி இழுத்தமையால், "தோணியை அனுப்பியது சரியே என்று இவரும் உடன்பட்டார்" என யாரேனும் கூறுவரோ? "பிள்ளைகள் நீரில் இருக்கும்போது என்னைக் குறை சொல்லாதீர்" என்று சம்மாட்டியார் கூறினால் ஊர் அதனை ஏற்குமோ? அவர் தடுத்ததும் அன்பினால், பாய்ந்ததும் அன்பினால். இரண்டு செயலுக்கும் வேர் ஒன்றே.

இனி, நம் சமயம் இதற்குக் காட்டும் சான்றை நோக்குவாம். நாயன்மார் அறுபத்துமூவருள் புகழ்ச்சோழ நாயனார் ஒருவர். உறையூரிலிருந்து அரசாண்ட அப்பெருமான் கருவூரிலே தங்கித் திறை கொண்டிருந்த காலத்தில், அதிகன் என்பான் திறை செலுத்தாதொழிந்தான். சோழர் ஆணைப்படி படை சென்றது, அரண் அழிந்தது, வெட்டுண்ட தலைகளும் கவர்ந்த பொருள்களும் மன்னர் திருமுன் கொணரப்பட்டன. உலகியல் நோக்கில் அது வெற்றித் திருநாள். ஆயின் குவிந்த தலைகளுள் ஒன்றிலே சடையைக் கண்டார் நாயனார். சிவனடியார் ஒருவர் தம் ஆணையினாற் கொலையுண்டார் என்று உணர்ந்த அக்கணமே வெற்றியெல்லாம் அவருக்குப் பழியாயிற்று.

அவர் யாது செய்தார்? அத்தலையை வெட்டியவன் யாவனென ஆராய்ந்து அவனைத் தண்டித்தாரென்று புராணங் கூறவில்லை. "படைத்தலைவர் பிழைத்தனர், யாம் அறியேம்" என்று ஒதுங்கினாரெனவும் கூறவில்லை. மைந்தனுக்கு முடிசூட்டுமாறு பணித்து, அத்தலையைப் பொற்கலத்திலே வைத்துத் தம் முடிமேல் ஏந்தி, தீ வளர்ப்பித்து, ஐந்தெழுத்தை ஓதி அதனுள்ளே புகுந்தார். வாளெடுத்தவன் கை வேறு; வாளெடுவென்று பணித்த வாய் வேறு. பழியின் பெரும்பாரம் பணித்த வாயின்மேலது என்பதை நாயனார் தம் உடம்பையே ஏடாக்கி எழுதிக் காட்டினார். தம் பழியை வீரர் தலையிலே சுமத்தி நழுவும் ஆட்சியாளரையும், வீரர் புகழைத் தம் தலையிலே சூடித் திரியும் ஆட்சியாளரையும் இவ்வரலாறு ஒருங்கே நாணச்செய்யும்.

அங்ஙனமாயின், களத்திலே நின்றவன் எது செய்யினும் குற்றமிலனோ என்று கேட்பீராயின், அற்றன்று. ஈண்டுத்தான் உடப்பூரம்மையின் வரலாறு நமக்கு வழிகாட்டுகின்றது. போர் முடிந்த இரவிலே அசுவத்தாமன் பாசறை புகுந்து, உறங்கிக்கிடந்த திரௌபதையின் மைந்தர் ஐவரையுங் கொன்றான். அருச்சுனன் அவனைக் கட்டி அம்மையின்முன் கொணர்ந்தானெனவும், அவள் அவனைக் கொல்ல உடன்பட்டிலள் எனவும் பாகவதம் உரைக்கின்றது. என்னை? அவனுக்கும் ஒரு தாய் உளள். மைந்தரை இழந்து யான் அழுவதுபோல அவளும் அழவேண்டாம் என்பதே அம்மையின் கருத்து. ஆயினும் அவன் செய்தது பிழையன்றென்று அவள் கூறினாளல்லள். அவன் தலையில் விளங்கிய மணி பறிக்கப்பட்டது; பாசறையினின்றும் துரத்தப்பட்டான். உயிருக்கு இரக்கமும், செயலுக்குத் தண்டமும் ஒரே சபையில் நின்றன. வீரனைப் பேணுதல் என்பது அவன் செய்த கொடுமையை மூடிவைத்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

தெய்வப்புலவரும் ஒரே நூலிலே கொல்லாமைக்கு ஓரதிகாரம் வகுத்தார். படைமாட்சிக்கும் படைச்செருக்குக்கும் வேறு ஈரதிகாரம் வகுத்தார். ஒரு நெஞ்சிலே இவை மூன்றுக்கும் இடமுண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பழங்கதை போதும், நம் காலத்தில் இது நிகழ்ந்ததுண்டோ எனின், நிகழ்ந்தது. 1987 ஆம் ஆண்டு சூலை 29 ஆம் நாள் கொழும்பிலே இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்வழி இந்திய அமைதிப்படை இத்தீவின் வடகிழக்கிலே வந்திறங்கியது. மாலையிட்டு வரவேற்றவர் பலர். அக்டோபர் மாதத்திலே அப்படைக்கும் விடுதலைப்புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21, 22 ஆம் நாள்களில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையினுள் நோயாளரும் தாதியரும் மருத்துவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அத்துயரை யாழ்ப்பாணம் இன்றும் மறந்திலது. மற்றொருபுறம், அப்படையின் வீரருள் ஆயிரத்தின் மேற்பட்டோர் இம்மண்ணிலே மாண்டனர். தம்மை இங்கு அனுப்பிய ஒப்பந்தத்தின் ஓரெழுத்தையும் எழுதாத இளைஞர் அவர். அவருள் தமிழ் பேசும் தாயர் பெற்ற பிள்ளைகளும் இருந்தனர்.

1990 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கடைசிப் படையணி சென்னைத் துறைமுகம் சென்றடைந்தபோது, தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த கலைஞர் மு. கருணாநிதி அவ்வரவேற்புக்குச் செல்ல மறுத்தார். தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒருப்படவில்லை என்பது அவர் நிலை. அது நாட்டின் வீரரை அவமதித்ததாகும் என்று சினந்தவர் பலர். அதுவே தமிழர் உள்ளமென்று புகழ்ந்தவரும் பலர்.

இவற்றுள் யாம் எதனைச் சொல்வோம்? வெற்றிமாலை சூட்ட மறுத்ததை யாம் இகழேம். பிணங்கிடந்த முற்றத்திலிருந்து எழுந்த துயரத்தின் மொழி அது. துயரத்தை முரசொலியால் அடக்குதல் அறமன்று. ஆயினும் மாலைக்கும் வெறுப்புக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. மேடையும் முரசுமின்றி, கப்பலினின்றும் காலிழந்து இறங்கும் ஒருவனுக்கு ஊன்றுகோல் நீட்டுதல், மீளாதவனுடைய மனைவியின் வாயிலிற் சென்று நிற்றல், அதே நாளில், "உம்மை அங்கு அனுப்பியது தவறு, அங்கே நிகழ்ந்த கொலைக்கு விடை வேண்டும்" என்று அனுப்பியவரை நோக்கி உரக்கச் சொல்லுதல். மாலை செயலுக்கு உரியது. ஊன்றுகோல் மனிதனுக்கு உரியது. முன்னதை மறுப்பவன் பின்னதையும் மறுக்கவேண்டும் என்னும் நியதி எந்நூலிலும் இல்லை.

இவ்வழியிலே நடந்து காட்டியவர் இத்தீவிலேயே உளர். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே, 1998 ஆம் ஆண்டு கிளிநொச்சியிற் காணாமற்போன இராணுவ வீரருள், விசாகா தர்மதாச என்னும் சிங்களத் தாயாரின் மைந்தரும் ஒருவர். மகனை இழந்த அத்தாயார் பழிக்குப் பழி கேட்டாரல்லர். காணாமற்போன வீரர்தம் பெற்றோரைத் திரட்டினார். பின்பு போராற் பாதிக்கப்பட்ட மகளிர்க்கென ஒரு சங்கம் நிறுவி, சிங்களத் தாயரையும் தமிழ்த் தாயரையும் ஒருங்கிருத்தினார். வன்னிக்குச் சென்று, தம் மகன் எவரோடு பொருதானோ அவர்தம் தலைவரையே கண்டு பேசினார். அவரைப் பார்த்து, "நீ படைவீரரை நேசிப்பவளல்லை" என்று யாவர் கூறத் துணிவர்? வீரனை நேசித்தமையினாலேயே அவர் போரை மறுத்தார். கிருபியை நினைந்து அசுவத்தாமனுக்கு உயிர்ப்பிச்சை அளித்த திரௌபதையம்மையின் உள்ளமும், மறுபுறத்துத் தாயைத் தேடிச்சென்ற இத்தாயின் உள்ளமும் ஒன்றே அன்றோ?

ஆசிரியப் பெருமக்காள்! இனி நம் வகுப்பறைக்கு வருவாம். நும் முன்னே இருக்கும் பிள்ளைகளுள் ஒருவனுடைய தந்தையோ சிற்றப்பனோ ஏதோவொரு படையிலே நின்றவராதல் கூடும். நீவிர் தவறென்று கருதும் படையாகவும் அஃது இருத்தல் கூடும். மற்றொரு பிள்ளையின் வீட்டிலே அப்படையினால் மாண்டவருடைய படத்துக்கு விளக்கேற்றப்படுதலும் கூடும். இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து நும் வாயையே நோக்குகின்றனர். போர் நன்றென்று புகழ்வீராயின் இரண்டாம் பிள்ளையின் விளக்கை அணைக்கின்றீர். போரிற் சென்றவன் பாவியென்று முடிப்பீராயின் முதற்பிள்ளையின் தலையைக் குனியச் செய்கின்றீர். இவ்விரு பிள்ளைகளும் நிமிர்ந்திருந்து கேட்கத்தக்க சொல் எதுவோ, அதுவே நீவிர் கற்பிக்கவேண்டிய அறம்.

அச்சொல்லைத் தேர்ந்துகொள்ளுதற்கு மூன்று உரைகற்களைக் கூறி அமைவாம். முதலாவது: வீரன் பெயரைச் சொல்லி ஒருவர் கேள்வியை அடக்குவாராயின், அவர் பேணுவது வீரனையன்று, அவனை அனுப்பியவரையே என்று தெளிமின். இரண்டாவது: வீரன்பால் அன்புடையேம் என்பார், போர் முடிந்து பத்தாண்டு கழிந்தபின் அங்கம் இழந்தவனுடைய வாயிலிலே காணப்படுகின்றாரோ என்று நோக்குமின், களத்திலே இருக்கும்வரை மட்டும் உள்ள அன்பு அன்பாகாது. மூன்றாவது: நம் பக்கத்து வீரனுக்கு இரங்கும் நெஞ்சு எதிர்ப்பக்கத்துத் தாய்க்கும் இரங்குகின்றதோ என்று நும்மை நீவிரே வினவுமின். பாரதப் போர் ஒழிந்தபின் தருமபுத்திரர், தம் பக்கத்தார்க்கு மட்டுமன்றி, பகைவர்க்கும், உரிமை கோருவார் யாருமில்லாத அயல்நாட்டு வீரர்க்கும் ஈமக்கடன் செய்வித்தார் என்பதை மறவாது கற்பியுங்கள். வெற்றியைப் பாடும் நாளிலே அவ்வத்தியாயத்தை விட்டுவிடுதல் பாரதத்தைப் பாதியிலே மூடிவைத்தலாகும்.

அடுத்த ஆடியிலே உடப்பிற் பூக்குழி மூளும்போது, நும் மாணாக்கரை அழைத்துச்சென்று ஓர் ஓரத்திலே நிற்பீராக. தணலிலே இறங்குவோர் எவரையும் வெல்லுதற்கு இறங்குகின்றாரல்லர். தம் நேர்த்தியைத் தாமே சுமந்து இறங்குகின்றனர். புகழ்ச்சோழரும் தம் ஆணையின் பழியைத் தாமே சுமந்து தீப்புகுந்தார். தம் முடிவின் பயனைப் பிறர் பிள்ளையின் தோளிலே ஏற்றாத பெருமக்கள் இந்நாட்டிலே தோன்றவேண்டுமாயின், அவர் இன்று நும் வகுப்பிலே மணலில் எழுத்துப் பழகிக்கொண்டிருத்தல் வேண்டும். அப்பிள்ளை மறுபடியும் அவ்வினாவை வினவும்பொழுது, "பொருந்தும், அப்பா, அன்புடையவன் இரண்டையும் செய்வான்" என்று தயங்காது விடையளிப்பீராக.

திருச்சிற்றம்பலம்.