துணை யாருக்கு?

தனித்திருக்கும் வீட்டுப் பூனைக்கு இரங்கி, இன்னொரு பூனையைத் துணையாகக் கொணர விழைகிறோம். இரக்கம் நன்றே. ஆயினும் தனிமை அதனுடையதா, நம்முடையதா என முதலில் வினவிக்கொள்ளல் வேண்டும். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடித் தன் எல்லையைக் காத்து வாழ்வது. வீட்டுப் பூனையிடமும் அவ்வியல்பு மறையவில்லை. திடீரென வரும் துணை அதற்குப் பகையாகவே தோன்றும்.

முதிய பூனைக்குத் துள்ளும் குட்டி தொல்லையாகலாம்; வயதும் சுறுசுறுப்பும் ஒத்ததையே தேர்தல் நலம். புதியதைச் சில நாள் தனியறையில் வைத்து, ஒன்றன் படுக்கைத் துணியை மற்றொன்று முகரச் செய்வோம். மூடிய கதவின் இருபுறமும் உணவிட்டுப் பழக்கிய பின்னரே சிறிது நேரம் காணவிடுவோம். உணவுக் கிண்ணமும் மணல் தட்டும் தனித்தனியே இருக்கட்டும். சீறினால் தண்டிக்க வேண்டா. மீண்டும் பிரித்து வைப்போம். வாரங்கள் பல ஆகலாம். நட்புக் கொள்ளாவிடினும், அஞ்சாமல் விலகி வாழ்ந்தால் அதுவே போதும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. பூனை இயல்பால் ஊனுண்ணி. டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். நம் நோன்பை அதன்மேல் சுமத்துதல் தகாது. அதற்குரிய உணவை அளிக்க நம் மனம் ஒப்பாதெனில், இரண்டாம் பூனையைக் கொணராமையே ஜீவகாருண்யம்.