நம்பிக்கையே விலையானால்

மதிப்பு பொருளிலேயே இருக்கிறதா, அதை மதிப்பவர் மனத்தில் இருக்கிறதா என்பது மெய்யியலின் பழைய கேள்வி. கிரிப்டோ நாணயங்கள் அதைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டன. நிலத்துக்கு விளைச்சல் உண்டு. நிறுவனப் பங்குக்கு லாபம் உண்டு. இவ்வகை நாணயங்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே இல்லை. நாளை பிறர் என்ன விலை கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பே இன்றைய விலை.

டோஜ்காயின் இதற்குத் தெளிவான சான்று. 2013 டிசம்பரில் பில்லி மார்கஸ், ஜாக்சன் பால்மர் இருவரும் நாய்ப் படம் போட்டு வேடிக்கையாக உருவாக்கியது அது. ஈலோன் மஸ்க்கின் பதிவுகளும் அவற்றைச் சுற்றி எழுந்த செய்திகளும் 2021 மே மாதத் தொடக்கத்தில் அதன் விலையை 70 சென்ட்டுக்கு மேல் ஏற்றின. மே 8 இரவு, ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அதைக் கேலி செய்ததும் விலை மளமளவென்று சரிந்தது. நாணயத்தின் தொழில்நுட்பத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது மக்களின் எண்ணம் மட்டுமே.

பொருளியலாளர் கெயின்ஸ் 1936இலேயே சந்தையைப் பத்திரிகை நடத்தும் அழகுப் போட்டிக்கு ஒப்பிட்டார். தனக்குப் பிடித்த முகத்தையல்ல, மற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்போகும் முகத்தை ஊகிப்பவரே அதில் வெல்வார். ஊடகம் அந்த ஊகத்துக்குத் தீனி போடுகிறது: விலை ஏறினால் செய்தி, செய்தி வந்தால் மீண்டும் ஏற்றம்.

ரூபாய் நோட்டும் நம்பிக்கையால்தான் செல்லுபடியாகிறது என்பது உண்மையே. ஆனால் அதன் பின்னால் சட்டமும், வரி வாங்கும் அரசும், மைய வங்கியும் நிற்கின்றன. நம்பிக்கை மதிப்பை உண்டாக்கும். அதைத் தாங்கி நிறுத்த நிறுவனங்கள் வேண்டும்.