செட்டுச் சாமியும் கோயில் சாமியும்

ஹைதராபாத் அருகே 1996-இல் தொடங்கப்பட்ட ராமோஜி ஃபிலிம் சிட்டியில், சுற்றிப் பார்க்க வருவோருக்குக் காட்டப்படும் இடங்களில் பாகவதம் செட்டும் ஒன்று. இயக்குநர் பாபு ஈ.டிவிக்காக எடுத்த பாகவதத் தொடருக்காகப் போடப்பட்டது அது. தொடர் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் அரண்மனையும் அரியணையும் தெய்வ உருவங்களும் கலைக்கப்படவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று தெரிந்தும், உருவத்தின் முன் கை தானாகக் குவிந்துவிடுபவர்களும் உண்டு. அந்தக் கும்பிடு யாருக்குப் போகிறது என்பது சமயவியலில் பழைய கேள்வி. செட்டில் நிற்கும் உருவத்துக்கும் கருவறையில் நிற்கும் உருவத்துக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதே அதன் மையம்.

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் பான்பிரிட்ஜ் என்னும் ஊரில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஸ்டுடியோ 2022 பிப்ரவரி முதல் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. அந்தத் தொடரிலும் தெய்வங்களும் பூசாரிகளும் உண்டு. ஆனால் அவை கதைக்கென்று கற்பிக்கப்பட்டவை. கதைக்கு வெளியே அவற்றுக்குக் கோயிலோ வழிபடுவோரோ கிடையாது. ஆகவே அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை. இந்தியப் புராணத் தொடர்களின் நிலை வேறு. குஜராத்தின் உம்பர்காவ்னில் படமாக்கப்பட்டு, 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ராமானந்த் சாகரின் ராமாயணத்துக்காக, ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்து டிவி பெட்டிக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றிய வீடுகள் ஏராளம். ராமனாக நடித்த அருண் கோவில் என்பவர் போகும் இடமெல்லாம் மக்கள் அவர் காலில் விழுந்தார்கள். அதற்கும் முன்பே, திருப்பதி சென்று திரும்பிய ஆந்திர பக்தர்கள் சென்னையில், புராணப் படங்களில் தெய்வமாக நடித்த என்.டி. ராமராவின் வீட்டு வாசலிலும் காத்து நின்றார்கள். இவர்களையெல்லாம் ஏமாளிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் திரையில் தெரிபவர் நடிகர் என்பதை அறியாதவர்கள் அல்லர் அவர்கள்.

வேறுபாடு பொருளில் இருக்கிறது என்று முதலில் தோன்றும்: கோயிலில் கல், செட்டில் சுண்ணாம்பும் ஃபைபரும். இது நிற்காத வாதம். திருவரங்கத்துப் பெரிய பெருமாள் சுதையால் ஆன மூலவர். அதனால் அவருக்கு நீராட்டு இல்லை, தைலக்காப்புதான். கல், உலோகம், மரம், சுதை, ஓவியம் எல்லாவற்றையும் ஆகமங்கள் தெய்வ உருவுக்கு ஏற்கின்றன. நிலைத்திருப்பது கோயில், கலைந்துபோவது செட் என்பதும் சரியல்ல. எந்தச் சடங்கின் தொடக்கத்திலும் பிடித்து வைக்கப்படும் மஞ்சள் பிள்ளையார் சில மணி நேரத்தில் நீரில் கரைந்துவிடுவார். பாகவதம் செட்டோ ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. செய்நேர்த்தியிலும் வேறுபாடு இல்லை. சினிமாவுக்குச் சிலை செய்பவரின் கை பல கிராமத்துக் கோயில் சிற்பியின் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கக்கூடும். தென்மாவட்டங்களில் சுடலைமாடனுக்குப் பல இடங்களில் முகமே இல்லை. செங்கலும் மண்ணும் கொண்டு எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய பீடம்தான் சாமி.

ஆகமத்தின் விடை பிரதிட்டை என்னும் செயலில் இருக்கிறது. சிற்பி செதுக்கி முடித்த உருவம் அதுவரை சிலைதான். அதன் கண்ணைத் திறக்க வேண்டும், அட்டபந்தன மருந்து சாத்திப் பீடத்தில் நிறுத்த வேண்டும், யாகசாலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்த தெய்வத்தை அங்கிருந்து உருவத்துக்குள் சேர்க்க வேண்டும். இவை முடிந்த பிறகே அது சாமி. இதைவிடத் தெளிவாகப் பொருளை விளக்குவது பாலாலயம் என்னும் நடைமுறை. திருப்பணிக்காகக் கோயிலைப் பிரிக்கும்போது மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, பெரும்பாலும் அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்குள் அமர்த்தித் தனியிடத்தில் வழிபடுவார்கள். அந்த மாதங்களில் கருவறையில் இருப்பது கல். கொத்தனார் சாரம் கட்டி ஏறுவார், சுத்தியல் சத்தம் கேட்கும், மின்வயர் தொங்கும். யாரும் அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. எத்தனை பழைய கோயிலும் குடமுழுக்குக்கு முந்திய அந்த இடைவெளியில், உருவம் இருந்தும் தெய்வம் இல்லாத கட்டடமாகிவிடுகிறது. செட்டும் கோயிலும் மிக நெருங்கி வரும் இடம் இது. செட்டோடு நிற்காமல் அது மறுபடி கோயிலாவதற்குக் காரணம், திரும்பி வருவதற்கு நாள் குறிக்கப்பட்டிருப்பதும், அதுவரை பலகையில் இருக்கும் தெய்வத்துக்கு வேளை தவறாமல் பூசை நடப்பதும்தான்.

பெரியபுராணத்தில் வரும் பூசலார் இந்தச் சிந்தனையின் எதிர்க்கோடியில் நிற்கிறார். திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல் அவர் மனத்துக்குள்ளேயே கட்டினார். செட் என்பது உள்ளீடில்லாத புறத்தோற்றம். பூசலாரின் கோயிலோ புறத்தோற்றம் இல்லாத உள்ளீடு. காஞ்சியில் பல்லவன் எழுப்பிய கற்றளிக்குக் குறித்த நாளிலேயே பூசலாரின் கோயிலுக்குத் தாம் வரவிருப்பதாக இறைவன் அரசனின் கனவில் சொன்னதும், அரசன் பூசலாரைத் தேடிச் சென்றதும் எல்லோரும் சொல்லும் கதை. பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கல்லும் மரமும் இல்லாத அந்தக் கோயிலுக்கும் பூசலார் குடமுழுக்கு நாள் குறித்திருந்தார். நினைத்த மாத்திரத்தில் அது கோயிலாகிவிடவில்லை. முறைப்படி ஏற்று, நாள் குறித்து, அதன்பின் காலமெல்லாம் பூசிப்பதாக அவர் கொண்ட பொறுப்பே அதைக் கோயிலாக்கியது.

உருவத்துக்குச் சொன்னது வேடத்துக்கும் பொருந்துமா என்பதற்குத் தென்தமிழகத்தின் திசையன்விளைப் பகுதியில் ஆண்டுதோறும் கண்முன் விடை கிடைக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருப்போர் திசையன்விளை, உவரி, சாத்தான்குளம், உடன்குடி வட்டாரமெங்கும் உண்டு. நவராத்திரி தொடக்கத்தில் கொடியேறியதும் காப்புக் கட்டி வேடம் போடுவார்கள். குறவன் குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், எமன், ராஜா, பிச்சைக்காரர் என்று வேடத்துக்கு அளவில்லை. நேர்ச்சை எதுவோ அதுதான் வேடம். காளி வேடம் மட்டும் தனி. அதற்கு 41 நாள், 48 நாள் என்று விரதம், குடிலில் தங்கல், தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். சடைமுடியின் கனம் தலையை அழுத்தும். முதுகில் அட்டையிலோ தகரத்திலோ செய்த கைகள், முகத்தில் வண்ணப்பூச்சு, வாயில் தொங்கும் சிவந்த நாக்கு. இவை அத்தனையும் கடையில் விலைக்குக் கிடைப்பவை. எந்த ஸ்டுடியோவின் ஒப்பனை அறையிலும் இருப்பவைதான். போன மாதம் வரை லோடு ஆட்டோ ஓட்டியவர் இந்தக் கோலத்தில் கடைத்தெருவில் தட்டேந்தி வரும்போது, கல்லாவில் இருப்பவர் எழுந்து காணிக்கை போட்டுத் திருநீறு வாங்கிக்கொள்கிறார். நோஞ்சான் பிள்ளையைத் தூக்கி வந்து காட்டும் தாய், ஆள் யார் என்று நன்றாகத் தெரிந்தும், "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். சேர்ந்த காணிக்கை கோயில் உண்டியலுக்குப் போகிறது. விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் முடிந்து மறுநாள் காப்புக் களைந்ததும் அவர் பழைய ஆள். அதன்பின் அவரை யாரும் அம்மா என்று அழைப்பதில்லை.

கண் திறப்பதற்கும் கும்பநீர் சேர்ப்பதற்கும் இங்கே ஈடாக இருப்பது காப்புக் கயிறு. கட்டியவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார், களையும் நாள் வரை அதில் நிற்கிறார். தொடரில் காளியாக நடிப்பவருக்கும் இவருக்கும் ஒப்பனை ஒன்றாக இருக்கலாம். ஷூட்டிங் இடைவேளையில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்; இவரிடம் ஊரே கேட்கும். தசராக் குழுக்கள் ஆபாச ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத் தடை விதிக்க நேர்ந்ததும் இந்தப் பொறுப்பு நழுவியதன் விளைவே.

வேடம் பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்பதில் தமிழ் மரபு இரண்டுபடுகிறது. திருக்குறளின் 28-ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம், தவக்கோலத்தைப் போர்வையாக்கிக்கொண்டவனைக் கடுமையாகச் சாடுகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரமோ அடியவரின் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழச் சொல்கிறது. வேடமும் கோயிலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல. பெரியபுராணத்தில், சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து அடியார் கோலத்தில் வந்து குத்திய முத்தநாதனை, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடுமாறு காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டார் மெய்ப்பொருள் நாயனார். குறள் பேசுவது வேடம் போட்டவனின் கடமையை. பெரியபுராணம் பேசுவது பார்ப்பவரின் கடமையை. இரண்டையும் முரண் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முத்தநாதன் குற்றவாளிதான். அதனால் நாயனாரின் வணக்கம் வீணாகிவிடவில்லை.

செட்டில் கைகூப்புகிறவருக்கும் இதே வழியில் விடை உண்டு. ஒன்றைத் தெய்வமாகப் பாவித்து வழிபடுவது பற்றிப் பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் பேசுகிறது. அங்கே உரை செய்யும் சங்கரர், தாழ்ந்ததில் உயர்ந்ததைக் காண்பதே முறை என்கிறார். தேரோட்டியை அரசனாகப் பாவித்தால் கேடில்லை. அரசனைத் தேரோட்டியாக நடத்தினால் கேடு வரும். இதன்படி பிளாஸ்டர் கண்ணனைக் கும்பிட்டவர் பிழை எதுவும் செய்யவில்லை. அவர் கும்பிட்டது செட்டை அல்ல. செட் அவருக்கு நினைவூட்டியது, அவ்வளவே. ஆனால் அந்தக் கும்பிடு செட்டைக் கோயிலாக்கிவிடாது. நாளைக்கு அதற்கு விளக்கேற்றும் பொறுப்பு அவருக்கும் இல்லை, ஸ்டுடியோவுக்கும் இல்லை. அடுத்த படத்துக்கு அதே மண்டபத்தில் அம்மன் வந்து நிற்கலாம்.

சங்கரர் எச்சரித்த மறுபக்கம்தான் கவலைக்குரியது: பிரதிட்டையான உருவம் பார்வைப் பொருளாவது. இந்தியச் சட்டத்தில், 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பின்படி, கோயில் தெய்வம் சட்டப்படி ஓர் ஆள்; அதற்கென்று விருப்பமும் உரிமையும் உண்டு. தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோன நடராசர், பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் காட்சிக்கு நின்றார். நல்ல வெளிச்சம், பாதுகாப்பு, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. அபிஷேகமும் நைவேத்தியமும் இல்லை. 2019 செப்டம்பரில் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். ஊர் மேளதாளத்தோடு எதிர்கொண்டது. வணங்கத் தெரிந்த எவரும் அடிலெய்டிலும் அவரை வணங்கியிருக்கலாம். வேளைக்கு விளக்கேற்றும் கடமை கல்லிடைக்குறிச்சிக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கடமை இருக்கும் இடமே கோயில்.