ஊர் அறிந்த குரல்

தன் பாட்டை முதன்முறையாகப் பதிவில் கேட்கும் எவருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விதான் எழுகிறது: "நானா இப்படிப் பாடினேன்?" பாடும்போது நெஞ்சு நிறைந்திருந்தது, குரல் கனிந்து ஒலித்தது. பதிவைப் போட்டால் மெலிந்த குரலில், மூக்கடைத்தது போல, யாரோ ஒருவர் பாடுகிறார். "நமக்கெதுக்கு இந்த வேலை" என்று போனை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். நல்ல சுருதி ஞானமும் தாளக் கட்டும் உள்ளவர்கள்கூட அந்த ஒரு நிமிடத்தோடு பாட்டையே நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அதிர்ச்சிக்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. பிறர் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமே வருகிறது. நம் குரலோ இரண்டு வழிகளில் வருகிறது. வாயிலிருந்து புறப்பட்டுக் காற்றின் வழியே காதை அடைவது ஒன்று; தொண்டையின் அதிர்வு மண்டையோட்டு எலும்பின் வழியே நேராக உட்காதுக்குச் சேர்வது இன்னொன்று. எலும்பு வழியே வரும் ஒலியில் கீழ்ஸ்தாயியின் பங்கு அதிகம். அதனால் நம் குரல் நமக்கு மட்டும் ஆழமாகக் கேட்கிறது. மைக்குக்கு அந்த இரண்டாவது வழி கிடையாது.

1966இல் பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரௌசி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் திடுக்கிடலைப் பற்றி எழுதினார்கள். எலும்பின் கணக்கோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நாம் காட்ட நினைக்காத தயக்கமும் பதற்றமும் குரலில் தெரிந்துவிடுகின்றன, பதிவைக் கேட்கும்போது அவற்றையும் சேர்த்தே கேட்கிறோம் என்பது அவர்கள் கருத்து. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. பாட்டில் கூச்சம் முதலில் தெரியும் இடம் வரியின் கடைசிச் சொல். துணிவில்லாதவர் எடுப்பை எப்படியோ எடுத்துவிடுவார்; முடிப்பில் குரலை விழுங்கிவிடுவார்.

என் குரலைப் பதிவில் கேட்டு நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த மகளிடம், "இது என் குரல் மாதிரியே இல்லையே" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க குரல் எப்பவும் இப்படித்தானேப்பா இருக்கும்" என்றாள். வெகுநாள் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்நியமாகப் பட்டது அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழகியது. அவளைத் தூங்கவைத்தது அந்தக் குரல். கூட்டத்தில் தேடும்போது அவள் திரும்பிப் பார்த்தது அந்தக் குரலுக்கு. நான் என் குரல் என்று இத்தனை காலம் எண்ணியிருந்ததை என்னைத் தவிர உலகில் ஒருவரும் கேட்டதில்லை. பதிவில் இருப்பதுதான் ஊர் அறிந்த குரல். அதை நம்மோடு இருப்பவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று. கடைசியாக அறிமுகமாகிறவர் நாம்தான்.

குரலில் நம்பிக்கை என்பதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். "என் குரல் அருமையானது" என்ற எண்ணம் அதற்குத் தேவையில்லை. இது என்னுடையது, இதற்கு இன்னது முடியும், இன்னது இன்னும் வரவில்லை என்று தெரிந்திருந்தால் போதும். அந்தத் தெளிவு பழக்கத்தில்தான் வருகிறது. முதல் நாள் அந்நியமாகக் கேட்ட குரல், சில வாரங்கள் பாடிப் பதிந்து கேட்டால் சாதாரணமாகிவிடுகிறது. கூச்சம் போன இடத்தில் கவனம் வந்து உட்கார்கிறது.

இதற்குக் குறுக்கே நிற்பது ஒப்பீடு. அதற்கு ஒரு வரலாறு உண்டு. நடவு வயலில் பாடிய பெண்கள் தங்கள் குரல் நன்றாயிருக்கிறதா என்று யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். தாலாட்டுக்கோ ஒப்பாரிக்கோ குரல் தேர்வு நடந்ததில்லை. வேலையும் துக்கமும் பிள்ளையும் இருந்தன, அதனால் பாடினார்கள். 1902இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டில் பதிந்தார். இந்தியப் பாட்டு அப்போதிருந்து பெட்டிக்குள் போய் வீடுவீடாக வரத் தொடங்கியது. பிறகு வானொலி, சினிமா. மிகச் சிறந்த குரல்கள் சமையலறை வரைக்கும் வந்து சேர்ந்தது பெரும் பேறுதான். ஆனால் அந்தப் பேற்றோடு ஒரு வழக்கமும் வந்தது: பாடுகிறவர் சிலர், கேட்கிறவர் மற்ற எல்லோரும். வீட்டில் யாராவது வாயைத் திறந்தால் தட்டில் கேட்ட குரலோடு அதை ஒப்பிடுவது இயல்பாகிப்போனது. இன்று நாம் படும் கூச்சத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

ஆனால் அதே கருவிகள்தான் சிறிய குரல்களுக்கு வாசலையும் திறந்தன. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதே முதல் தகுதி. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சஸ்தாயியில் நின்று பாடி வென்ற காலம் அது. மைக் வந்த பிறகு, காதருகே சொல்வது போலப் பாடவும் முடிந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலும் பி.பி. ஸ்ரீனிவாஸின் மெல்லிய குரலும் ஒரே காலத்தில், ஒரே திரையுலகில், ஒரே மக்களால் விரும்பப்பட்டன. "என் குரலுக்குக் கனம் போதாது" என்று தயங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளவேண்டும். வீட்டில் பதிவுசெய்கிறவருக்குக் கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லை. கேட்பவர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறார்.

ஒப்பீடு செய்யும் இன்னொரு கேடு சுருதியில் தெரியும். கரோக்கே பெரும்பாலும் மூலப் பாட்டின் சுருதியிலேயே கிடைக்கிறது. அந்த மெட்டு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் எட்டலுக்கோ எஸ். ஜானகியின் எட்டலுக்கோ அளந்து போட்டது. அதை அப்படியே எடுத்துப் பாடி, சரணத்தில் குரல் கிழிந்ததும், "எனக்குக் குரலே இல்லை" என்று முடிவுகட்டுகிறோம். கச்சேரிப் பாடகர்கள் இப்படிச் செய்வதில்லை. முதலில் தங்கள் குரலுக்கு இசைந்த சுருதி, அதாவது கட்டை, எது என்று பார்க்கிறார்கள். ஆண்களில் பலர் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டைக்குள் நிற்பார்கள். பெண்கள் பலர் ஐந்து கட்டையை ஒட்டி. கீழே மந்திர பஞ்சமமும் மேலே தாரஸ்தாயிப் பஞ்சமமும் திணறாமல் எட்டுகிற இடத்தில் ஸட்ஜத்தை வைத்துக்கொள்வது பழைய வழி. பெரும்பாடகர்களே வயது ஏறும்போது அரைக் கட்டை இறக்கிக்கொண்டு பாடுவதுண்டு. சுருதிப் பெட்டி இன்று போனிலேயே இருக்கிறது. கரோக்கேயின் சுருதியை ஏற்றி இறக்கவும் செயலிகள் உண்டு. தன் கட்டையில் பாடும் முதல் நாளில், தொண்டை பிடிவாதத்தை விடுவதை நாமே உணரலாம். குறை என்று நம்பியதில் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

மீதியில் கொஞ்சம் அறையைச் சேர்ந்தது. குளியலறையில் பாட்டு இனிப்பதற்குக் காரணம் அங்குள்ள வழுவழுப்பான சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பிக் குரலுக்குத் துணை சேர்ப்பதுதான். பதிவுக்கு அந்த எதிரொலி ஆகாது. சொல் தெளிவு போய்விடும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடினால் குரல் உள்ளபடி பதியும். அது முதலில் வறண்டதாகத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளுக்கு, வாயை நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி தடிக்கும் இயல்பு உண்டு. எலும்பு தந்துவந்த கனத்தில் ஒரு பங்கை அந்த நெருக்கம் திருப்பித் தருகிறது. கரோக்கே கேட்கும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டால் தன் குரலும் காதில் விழும், சுருதி நிற்கும். ப்ளூடூத் ஹெட்போனைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் தாளம் வழுக்கும். தன்னை நொந்துகொள்வதற்கு முன் இவற்றைச் சரிபார்ப்பது தனக்கே செய்துகொள்ளும் நியாயம்.

வீட்டுப் பதிவு நமக்குத் தரும் பெரிய சலுகை, தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது. ஒரு காலத்தில் சென்னையின் ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரோடும் சேர்ந்து பாடகர் ஒரே டேக்கில் பாடவேண்டியிருந்தது. ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்த அழுத்தத்தில் நின்று பாடியவர்களை வணங்கத் தோன்றுகிறது. நமக்கு அது இல்லை. ஒரே வரியை வேண்டியமட்டும் பாடலாம். ஆனால் இந்தச் சலுகைக்குள் ஒரு பள்ளமும் இருக்கிறது. டேக் மேல் டேக் எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே வெட்டி ஒட்டினால், பிழை குறையும், பாடியவரும் குறைந்துபோவார். 1997இல் ஆட்டோட்யூன் வந்தது. பிசகிய ஸ்வரத்தை நேராக்கும் அந்த வசதி இப்போது சாதாரணப் போன் செயலிகளிலும் கிடைக்கிறது. தொழிலாகச் செய்பவர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். தன் குரலோடு பழக வந்தவருக்கு அது தடை. திருத்திய குரலோடு பழகினால், திருத்தாத குரல் இன்னும் தூரப் போய்விடும்.

ஆகவே நான் கடைப்பிடிப்பது இது: முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடுவது, அன்றைக்கே கேட்காமல் மறுநாள் கேட்பது. பாடிய உடனே கேட்டால் பாடியபோது இருந்த எண்ணமே காதில் ஓடும். மறுநாள் கொஞ்சம் வேறு ஆளாகக் கேட்க முடிகிறது. அப்போதும் "நன்றாயிருக்கிறதா" என்று கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்விக்கு மனம் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. "எங்கே மூச்சு தீர்ந்தது? எந்த இடத்தில் சுருதி இறங்கியது? எந்தச் சொல் விழுங்கப்பட்டது?" என்று கேட்டால் பதில் வருகிறது. மூச்சு தீர்ந்த இடம் தெரிந்தால் அதற்கு முந்திய சொல்லில் மூச்சு எடுக்கலாம். விழுங்கிய சொல் தெரிந்தால் அதை நிதானமாகச் சொல்லிப் பழகலாம். மொத்தமாகத் தன்னை வெறுப்பதற்கு மருந்து கிடையாது. குறிப்பிட்ட ஒரு குறைக்கு உண்டு. அதே காதோடு நன்றாக வந்த இடத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். அதுவும் உண்மைதான், அதையும் மறைக்கக்கூடாது.

கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயரின் குரலை இளமையில் கேட்டவர்கள், இது பாட்டுக்கு ஒத்துவராது, வயலின் கற்கட்டும் என்று சொன்னதுண்டு. அவர் வாய்ப்பாட்டை விடவில்லை. கரகரப்பான அந்தக் குரலை வைத்துக்கொண்டே அசுர சாதகம் செய்து, 1947இல் சங்கீத கலாநிதியானார். முதுமையிலும் மேடையில் பாடினார். அவர் மேதை, நாம் எளியவர்கள். அந்த உயரத்தை வைத்து நம்மை அளக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் வேறொரு குரலுக்குக் காத்திருக்கவில்லை என்பதில் நமக்கும் பாடம் உண்டு. இருந்த குரலுக்குள்ளேயே ராகத்தைத் தேடினார். கேட்டவர்கள் பிற்பாடு அந்தக் கரகரப்பையே அவருடைய அழகாகக் கொண்டார்கள்.

சிலருக்கு இன்னொரு தயக்கம் இருக்கிறது: "நான் பாடி யாருக்கு ஆகப்போகிறது? எல்லாப் பாட்டும்தான் நல்ல குரல்களில் கிடைக்கிறதே." சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தலாம். நம் வீடுகளில் வேறு பாட்டுகளும் இருக்கின்றன. அம்மாவழியில் வந்த தாலாட்டு, தாய்மாமன் சீரைச் சொல்லும் அடிகளோடு, குலதெய்வத்தின் பெயரோடு, அந்த ஊரின் ஆற்றோடு சேர்ந்த பாட்டு. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அதன் அடிகள் மாறும். அவற்றைப் பெரும் பாடகர் எவரும் வந்து பதியப்போவதில்லை. தெரிந்தவர் ஒருவர் குரல் போதாதென்று பாடாமல் இருந்துவிட்டால், அந்தப் பாட்டு அவரோடு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர்களை உட்காரவைத்துப் பதிவுசெய்யும் துணிவு, தன் குரலோடு சமாதானமானவருக்குத்தான் வரும். "என் குரலைப் போய்ப் பதிவுசெய்யறியே" என்று பெரியம்மா மறுக்கும்போது, முதலில் தான் பாடிக் காட்டமுடியும்.

குரல் வயதோடு மாறிக்கொண்டே போகிறது. நாற்பதில் இருந்தது அறுபதில் இருக்காது; அறுபதில் வரும் நிதானம் நாற்பதில் வராது. இன்றைய குரல் இன்றைக்குத்தான் உண்டு. தகுதி வந்தபின் பாடலாம் என்று தள்ளிப்போடுகிறவர், இருக்கும் ஒன்றைச் செலவழிக்காமலே தொலைக்கிறார். உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், வரியின் கடைசிச் சொல் வரைக்கும் விழுங்காமல் பாடுங்கள். பதிந்ததை அழிக்காமல் வையுங்கள். உங்களைத் தெரிந்த ஒருவருக்காவது அதை அனுப்புங்கள். அந்தக் குரல் யாருடையது என்று அவர்களுக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.