படியளப்பவர் யார்?

இரந்து பிழைப்பது இழிவு என்று ஏட்டிலே படிக்கிறோம். படியளக்கும் ஆண்டவனை மறவாதே என்று வீட்டிலே கேட்கிறோம். இரண்டையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்த பிள்ளை, முனைவர் பட்ட ஆய்வுக்கு அரசு தரும் உதவித்தொகை கோரி விண்ணப்பம் எழுத உட்காரும்போது நேர்வது என்ன? கை எழுதுமுன் முதுகு வளைகிறது! கற்ற பிள்ளைதான், தேர்வில் வென்ற பிள்ளைதான், எனினும், யாரோ ஒரு புண்ணியவானின் வாயிற்படியில் நிற்பதாக எண்ணிக்கொள்கிறது. தருபவர் மனம் கோணாத தலைப்பு எது, நெறியாளர் முகம் சுளிக்காத முடிவு எது என்று தேடுகிறது. ஆராய்ச்சி தொடங்குமுன்பே அடிமைத்தனம் தொடங்கிவிடுகிறது.

இது பணிவா? பண்பா? பல நூற்றாண்டுப் பழக்கம் விட்டுச் சென்ற தழும்பா? எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

பொருநைக் கரைக்கு வாருங்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும், மடியிலே முறத்தை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றுகிற தாய்மார் இருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் மகள், 1990இல் நெல்லையில் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தில் ஆய்வு மாணவியாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால், 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த அளவின்படி, மாதம் 37,000 ரூபாய். தாய் திகைக்கிறாள். "சர்க்கார் சும்மா குடுக்கு, நன்றியா இருந்துக்கோ" என்கிறாள்.

நன்றி யாருக்கு, அம்மா? தீப்பெட்டி வாங்கினாய், வரி செலுத்தினாய். சவர்க்காரம் வாங்கினாய், வரி செலுத்தினாய். உன் விரல் நோகச் சுற்றிய பீடியின் மீதும் வரி உண்டு. அந்தக் காசெல்லாம் சேர்ந்துதான் கருவூலம். படியளப்பவள் நீ! சர்க்கார், உன் களஞ்சியத்துக்குக் கணக்குப் பிள்ளை. கணக்குப் பிள்ளையைக் களஞ்சியத்தின் சொந்தக்காரன் என்று எண்ணிக் கைகட்டி நின்றதுதான் நாம் கண்ட கேடு.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவை அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு காட்டுகிறது. 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகை, மாதம் 11.50 பவுன் வீதம் மூன்றாண்டுக்கு, அவரைக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்த்தது. மன்னர் நல்லவர், மறுக்கவில்லை. ஆனால், ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவில் பணியாற்ற வந்த அந்த அறிஞருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. மன்னரின் கொடை கடல் கடந்த கல்வியைத் தந்தது; ஊருக்குள் ஒரு கூரையைத் தரவில்லை. கொடை, கொடுப்பவர் உள்ளத்தைப் பொறுத்தது. உரிமையோ, சட்டத்தையும் சமுதாயத்தையும் பொறுத்தது.

மன்னராட்சி போயிற்று; சட்டத்தின் ஆட்சி வந்தது. கை மாறியதே தவிர, பிடி தளர்ந்ததா? ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் ரோகித் வெமுலாவின் உதவித்தொகை 2015 சூலை முதல் வரவில்லை. 2016 சனவரி 17 அன்று அவர் உயிர் துறந்தார். ஏழு மாத நிலுவை, 1,75,000 ரூபாய், அதைத் தம் குடும்பத்துக்குச் சேர்ப்பிக்கும்படி இறுதி மடலில் எழுதியிருந்தார். சாகும்போதும் அவர் சலுகை கேட்கவில்லை, வரவேண்டியதைக் கேட்டார்!

பணத்தை நிறுத்துவது ஒரு முறை. கேள்வியை நிறுத்துவது அதனினும் நுட்பமான முறை. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் அயல்நாட்டில் பயில்வதற்கான தேசிய உதவித்தொகைக்கு 2022இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை விலக்கிவிட்டது. எந்தச் சமூக அமைப்பால் தாழ்த்தப்பட்டானோ, அதை மட்டும் அங்கே போய் ஆராயாதே என்பது எவ்வளவு விந்தையான பரிவு!

ஒரு கேள்வியை விலக்கிவைத்தால் என்ன கெட்டுவிடும் என்பாருண்டு. அவர்களைப் பாபநாசத்து மலைக்கு அழைக்கிறேன். அங்கே, காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கு வழிபாடு நடக்கிறது. பார்ப்பனக் குலத்தில் பிறந்த அவன், அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா எனும் இருவரை மணந்தான், பூணூலை அறுத்தான், செருப்புத் தைத்தான், மாட்டுக்கிடை காத்து, கள்வரோடு பொருது மாண்டான். வில்லுப்பாட்டில் வாழ்ந்த கதை இது. ஆனால், அப்பெண்களைப் பிறப்பால் பார்ப்பனர் என மாற்றிச் சொல்லும் வடிவமும் கிளம்பிற்று! சாதியை மீறிய காதலைச் சாதிக்குள் இழுத்துப் பூட்டிய கை எது? ஏன்? அந்தக் கேள்வியை எழுப்ப ஓர் ஆய்வாளன் வேண்டும். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) அத்தகைய கேள்விகளை எழுப்பினார். நெல்லை ஆய்வுக் குழுவைக் கண்டார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார்.

உடனே மடக்குவர்: "நா. வா. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தாரே! கல்வெட்டுகளை ஆராய்ந்த சுந்தரனாரும் பேராசிரியர் ஊதியத்தில்தானே வாழ்ந்தார்? உதவித்தொகை எதற்கு?" அவர்கள் அருஞ்செயல் புரிந்தனர், உண்மை. அருஞ்செயலை எல்லோர்க்கும் விதியாக்குவது அறமாகுமா? பீடி சுற்றும் வீட்டில் அடுப்பெரியக் காத்திருக்கும் பெண்ணிடம், ஓய்வு நேரத்தில் ஆராய்ந்துகொள் என்பது, ஆராயாதே என்பதன் நாகரிகப் பெயர். சோறில்லாத சுதந்தரம் ஏட்டளவில் நிற்கும். சுதந்தரமில்லாத சோறு அறிவை வளர்க்காது.

"பணம் தந்தவர்க்குக் கேட்க உரிமையில்லையா?" உண்டு! உழைத்தாயா, களத்துக்குச் சென்றாயா, சான்றுகள் எங்கே, தொகையை எதற்குச் செலவிட்டாய் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்ன முடிவுக்கு வரவேண்டும் என்று கட்டளையிட மட்டும் உரிமையில்லை. கணக்குக் கேட்பது வேறு. கருத்துக்கு விலங்கு பூட்டுவது வேறு.

உரிமை என்றால் பொறுப்பும் உண்டு, இளைஞர்களே! ஊரார் வரிப்பணத்தில் உண்டு, விலைக்கு எழுதித் தருபவரிடம் ஆய்வேட்டை வாங்குபவன், அந்தத் தாயின் முறத்திலிருந்து திருடுகிறான். மாதந்தோறும் கையெழுத்திட வேண்டிய நெறியாளர் அந்தக் கையெழுத்தைக் காட்டி மாணவனை ஏவலாளாக்கினால், அவரும் திருடுகிறார். உண்மை கசக்கும் என்று மறைக்கிற ஆய்வாளனும் அக்கூட்டத்தில் சேர்ந்தவனே. அது நமக்கு உவப்பான கொள்கைக்கு எதிரான உண்மையாயிருப்பினும் மறைத்தல் மறைத்தலே.

எனவே, வருமானச் சான்றிதழை வையுங்கள். சாதிச் சான்றிதழை வையுங்கள். நெறியாளர் ஒப்புதலையும் வையுங்கள். முதுகெலும்பை மட்டும் இணைப்பாக வைத்து அனுப்பிவிடாதீர்கள். ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில், எது தெரிந்தால் இந்த மக்கள் தலைநிமிர்வார்களோ அதை எழுதுங்கள். அந்தத் தாய்க்கு நீங்கள் தரவேண்டியது வணக்கமன்று, விடை!